மாமனார் தந்த கமரா உறை

அலுமாரியைத் திறந்த றெனால்டுக்கு நெஞ்சு பக்கென்றது. மாமனாரின் கமரா உறையும் அதன் தோல் வாரும் வெள்ளையாகப் பூஞ்சணம் பூத்துக் கிடந்தன.

தன் வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்று மாமனார் அமிர்தநாயகம் விடத்தல்தீவிலிருந்து தானே கொண்டுவந்து ஒப்படைத்த பொருள் அது. "இது என்ர மாமனார் எனக்குத் தந்தது. உறை, வார் எல்லாம் அண்டைக்கு இருந்த மாதிரியே வச்சிருக்கிறன். கவனம் தம்பி," என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பேரனின் ஞானஸ்நானம். அதற்கு அந்தக் கமராவால்தான் படம் எடுப்பாராம்.

மாமனார் அவனை நம்பி முழுமனதோடு கொடுத்த முதற்பொருள் இதுதான். மகளைக்கூட அரைமனதோடுதான் கொடுத்தார்.

றெனால்ட் கமராவை வெளியே எடுத்து வைத்துவிட்டு, உறையைச் சவர்க்காரத் தண்ணீரால் அழுத்தித் துடைத்து வெயிலில் போட்டான். மன்னார் வெயில் வஞ்சகம் செய்யாது. பின்னேரம் பார்த்தால் உறை கருவாடு போல விறைத்துக் கிடந்தது. கமரா உள்ளே போகமாட்டேன் என்றது.

"இஞ்சாருங்கோ, அதைப் போட்டு நெரிக்காதேங்கோ, வெடிச்சிடும்!" என்றாள் மனைவி சுவேதினி.

"நெரிக்கேல்லையடி. கெஞ்சிக்கொண்டிருக்கிறன்."

வேலிக்கு அந்தப் பக்கம் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த மீனவர் வஸீர் எட்டிப் பார்த்தார். "சுறா எண்ணெய் பூசுங்கோ தம்பி. வள்ளத்துக்கே பூசுறம். இந்தச் சின்னத் தோலுக்கு என்ன?"

பூசினான். தோல் இளகிவிட்டது. கமராவும் சமர்த்தாக உள்ளே போனது. ஆனால் வீடு மீன்வாடியாக நாறியது. பிள்ளை முகத்தைச் சுளித்து அழுதான்.

நாற்றம் போகட்டும் என்று உறையைக் கொடியில் கொழுவினான். ஊர்ப் பூனைகளுக்கு அதைவிட நல்ல அழைப்பு வேண்டுமா? ஒரு கடுவன் பூனை வாரைப் பிய்த்துக் கவ்விக்கொண்டு மதிலேறியது. றெனால்ட் செருப்பில்லாமல் சந்தி வரை துரத்தினான். பூனை திரும்பியும் பார்க்கவில்லை.

ஞாயிறு விடிந்தது. கடைகள் பூட்டு. றெனால்ட் தன் இடுப்பு பெல்ட்டை உருவி, அளவாக வெட்டி, வலை நூலால் உறையோடு சேர்த்துத் தைத்தான். அச்சொட்டாகப் பழைய வார் போலவே இருந்தது. காற்சட்டைதான் இடுப்பில் நிற்கவில்லை. பிள்ளை பிறந்ததிலிருந்து நித்திரையில்லாமல் அவன் பாதியாகிவிட்டிருந்தான்.

"வேட்டியைக் கட்டுங்கோவன்," என்றாள் சுவேதினி.

"இந்தக் காற்சட்டை மாமா கலியாணத்துக்குத் தைச்சுத் தந்தது. போடாட்டி அதுக்கும் கோவிப்பார்." இடுப்பில் ஊசி குத்திக்கொண்டு புறப்பட்டான்.

ஞானஸ்நானம் நல்லபடி முடிந்தது. கோயில் வாசலில் அமிர்தநாயகம் கமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. றெனால்டுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"தம்பி, பிள்ளையை ரெண்டு கையாலும் தூக்கிப் பிடியும். இன்னும் மேல!"

தூக்கினான். ஊசி கழன்றது. முழங்கால்களை ஒட்டிப் பிடித்தும் காற்சட்டை இறங்கத் தொடங்கியது.

அமிர்தநாயகம் கமராவைத் தாழ்த்தினார். மருமகனின் வெற்று இடுப்பைப் பார்த்தார். தன் கழுத்தில் கிடந்த வாரைப் பார்த்தார். வலை நூல் தையலைப் பெருவிரலால் தடவினார். அவர் முகம் சிவந்துபோனது.

"மாமா... பூனை கொண்டுபோட்டுது," என்றான் றெனால்ட். காற்சட்டை போனாலும் பரவாயில்லை, இந்த மனிதர் இனித் தன்னை நம்பி ஒரு சாமானும் தரமாட்டாரே என்றுதான் அவனுக்கு அழுகை வந்தது. "அந்த வார் இனிக் கிடையாது. இது என்ர பெல்ட். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அமிர்தநாயகம் வாரிலிருந்து கையை எடுத்தார். கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

மாமியார் கிறேஸ் வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.

"முதல்ல காற்சட்டையைப் பிடியுங்கோ தம்பி. என்ர அப்பா குடுத்த வாரை அந்தக் காலத்திலேயே எங்கட வீட்டு நாய் திண்டிட்டுது. பூனை கொண்டுபோனது உங்கட மாமாவின்ர பெல்ட்."