விரலால் பதில் கேட்ட பத்துக்கேள்வி

இந்தப் பெங்களூரில் எதிரே வருகிறவர்கள் எல்லோரும் "ஊட்டா ஆய்த்தா?" என்பார்கள். சாப்பாடு ஆயிற்றா என்று கேட்கிறார்களாம். கேட்டவர்கள் பதிலுக்கு நிற்க மாட்டார்கள். நாமும் தலையை ஓர் ஆட்டு ஆட்டிவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போய்விட வேண்டும். அதுதான் மரியாதை. அந்த மரியாதை தெரியாத ஒரே ஒரு மனிதர் இந்த ஊரில் இருந்தார். இருந்தவர் எங்காவது தூரத்தில் இருந்திருக்கலாம். ஜோகுபாளையத்தில், எங்கள் தெருவில், என் இஸ்திரி வண்டிக்குப் பக்கத்திலேயே வந்து கடை போட்டார். கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்பார் அவர்! "ஆச்சு" என்று சொன்னால் போக வேண்டியதுதானே? "என்ன சாப்ட்டீங்க?" என்பார். "ராத்திரி தூக்கம் வந்துச்சா?" என்பார். வந்தது என்றால் "எத்தன மணிக்கு?" என்பார். போலீஸ் ஸ்டேஷனில்கூட இத்தனை கேட்க மாட்டார்கள்.

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கும். எனக்குத் தெரியாது. தெருவில் எல்லோருக்கும் அவர் பத்துக்கேள்வி. முதலில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தார். இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷத்தில் ஊரெல்லாம் கம்ப்யூட்டர் என்று ஆனதும், கண்ணாடிக் கூண்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, பிளைவுட் பலகை அடித்து நாலு கேபின் கட்டி, பிரவுசிங் சென்டர் என்று போர்டு மாட்டிவிட்டார். அந்தச் சுவரை ஒட்டித்தான் என் இஸ்திரி வண்டி நின்றது. அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். ஏப்ரல் மாச வெயிலிலும் குரங்குக் குல்லா போட்டிருப்பார். ஏன் என்று கேட்டால், "மூளைக்குச் சளி புடிச்சா எந்த டாக்டர் பாப்பாருக்கா?" என்று நம்மையே திருப்பிக் கேட்பார்.

ஒரு மழை நாளில், கடையில் ஈ காக்கை இல்லாத நேரத்தில், கம்ப்யூட்டரை நோண்டிக்கொண்டிருந்தவர் அந்தப் பரீட்சையைக் கண்டுபிடித்தார். குடிக்குப் பத்துக் கேள்வி, மனக்கஷ்டத்துக்குப் பத்துக் கேள்வி, மாத்திரைப் பழக்கத்துக்குப் பத்துக் கேள்வி. பெயர் கேட்காது, ஊர் கேட்காது. பதிலைத் தட்டினால் மார்க் போட்டு, பயமில்லை என்றோ, கொஞ்சம் பார்த்துக்கொள் என்றோ, டாக்டரிடம் போ என்றோ சொல்லும். யாருக்கும் தெரியாமல் தனியாக உட்கார்ந்து எழுதுகிற பரீட்சை அது. இங்கிலீஷ் படித்தவர்களுக்கு அது சரி. எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு இங்கிலீஷ் தெரியாது. நானே மூன்றாம் வகுப்பு. தமிழையே எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆகவே இவரும் கேபினுக்குள் கூடவே வந்து உட்கார்ந்து, ஒவ்வொரு கேள்வியாகத் தமிழில் சொல்வார். குரலோ பூத் காலத்துக் குரல். துபாய்க்குப் பேசிப் பேசி வளர்ந்த குரல். "காலைல எந்திரிச்சதும் குடிக்கணும்னு தோணுதா?" என்று அவர் உள்ளே கேட்டால், வெளியே ரோட்டில் போகிற ஆட்டோ நிற்கும்.

அதற்கு அவரே ஒரு வழியும் செய்தார். உள்ளே வந்தவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. விரலால்தான் பதில். கையை மூடிக் காட்டினால் இல்லவே இல்லை. ஒரு விரல் என்றால் எப்போதாவது. இரண்டு விரல் அடிக்கடி. மூன்று விரல் தினமும். கேள்வி ஊருக்கே கேட்கும், பதில் அவருக்கு மட்டும். முடிந்ததும் கம்ப்யூட்டரில் இருப்பதை அழிப்பார். அழித்தது போதாது என்று பிளக்கைப் பிடுங்குவார். அதுவும் போதாது என்று ஈரத்துணியால் கண்ணாடியை இரண்டு தரம் அழுத்தித் துடைப்பார். யாருடைய ஈரத்துணி? என்னுடையது! சட்டைக்கு ஈரம் காட்ட நான் நனைத்து வைத்திருக்கிற துணி!

"யோவ், என் துணிய ஏன்யா எடுக்கற?"

"ரகசியம்க்கா. ஒரு சொட்டு அதுல தங்கிடக் கூடாது."

ஒரு நாள் நாலாவது வீட்டுக் கற்பகம் வந்து உட்கார்ந்தாள். மோரைத் தவிர வேறு எதையும் தொடாதவள். குடிப் பரீட்சைக்குப் பத்துக் கேள்விக்கும் மூன்று மூன்று விரலாகக் காட்டிவிட்டுப் போனாள். பத்துக்கேள்விக்கு வியர்த்துக் கொட்டிவிட்டது. ரகசியம் என்பதால் வெளியே சொல்லவும் முடியவில்லை. ஒரு வாரம் அவள் வீட்டு வாசலில் எலுமிச்சம்பழம் கொண்டுபோய் வைத்தார். அவளைக் கண்ட இடத்தில் எல்லாம், "தங்கச்சி, இன்னிக்கு ஒரு நாள் மட்டும் தொடாம இரும்மா" என்று கண் கலங்கினார். எட்டாம் நாள் அவள் வெடித்தாள்.

"அண்ணா, அது எங்க வீட்டுக்காரருக்காக நான் காட்டுன விரலுண்ணா! நான் எங்க குடிச்சேன்?"

"அப்ப அவர அனுப்பு."

"அவருகிட்ட சொன்னா, நீதான உக்காந்த, உனக்குத்தான் வந்திருக்கு, நீயே போடி ஆஸ்பத்திரிக்குன்றாரு!"

அன்றே அட்டையில் எழுதி வாசலில் மாட்டிவிட்டார், தமிழில் ஒன்று, கன்னடத்தில் ஒன்று. "அவரவர் பரீட்சைக்கு அவரவர் விரல்." தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். என் விரலுக்கு வேலை வரும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

என் வீட்டுக்காரர் அதற்கு முந்தின வருஷம்தான் போய்ச் சேர்ந்திருந்தார். கடைசி நாட்களில் அவருக்குத் தூங்குவதற்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை, அவர் போன பிறகும் வீட்டிலேயே கிடந்தது. ஒரு நாள் தூக்கம் வராமல் பாதியை விண்டு போட்டுக்கொண்டேன். பிறகு ஒன்று. பிறகு இரண்டு. தீர்ந்துபோனதும் காலி அட்டையைக் கொண்டுபோய் மெடிக்கல் கடையில் நீட்டினேன். அந்த ஆள் என்ன, ஏது, யாருக்கு என்று ஒரு வார்த்தை கேட்டானா? கடலை மிட்டாய் எடுத்துக் கொடுக்கிற மாதிரி எடுத்துக் கொடுத்தான். கேட்க வேண்டியவன் கேட்கவில்லை, கேட்க வேண்டாதவர் தினமும் வண்டிக்குப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

காலையில் தலை நனைந்த சாக்கு மாதிரி கனக்கும். கை என் கையாக இருக்காது. நான் பிடிப்பதோ கரிப்பெட்டி. உள்ளே தணல், மேலே ஏழு கிலோ பித்தளை. அந்தக் கையை நம்பித்தான் என் சோறு. முப்பது வருஷத்தில் ஒரு துணி கருகியது கிடையாது. மடிப்பு கலைந்தது என்று ஒருவர் திருப்பிக் கொண்டுவந்தது கிடையாது. இதையெல்லாம் யாரிடம் போய்ச் சொல்வது? சொல்லவில்லை.

"யக்கா, ஒரு தரம் உக்காருங்களேன்" என்று நச்சரித்தார்.

"எனக்கு என்னய்யா கேடு?"

"கேடு இல்லன்னா கேடு இல்லன்னு வரும். அவ்ளோதானே?"

தொல்லை ஒழியட்டும் என்று போய் உட்கார்ந்தேன். மனக்கஷ்டப் பரீட்சை. "சும்மாவே அழுகை வருதா?" கையை மூடினேன். "எதுலயும் பிடிப்பு இல்லாம இருக்கா?" மூடினேன். பத்துக்கும் மூடியே காட்டினேன். "பூஜ்யம்" என்று சொல்லிவிட்டு அவர் என் கையையே பார்த்தார். நான் வெளியே வந்து தெரு முழுக்கச் சொன்னேன். பிறந்ததிலிருந்து எந்தப் பரீட்சையும் எழுதாதவள், முதல் பரீட்சையிலேயே பூஜ்யம் வாங்கி ஜெயித்துவிட்டேன் என்று. ஆனால் உள்ளுக்குள் எனக்கு ஆத்திரமாக வந்தது. நான் சொன்ன பொய்யை அப்படியே நம்பிவிட்டது! அத்தனை பெரிய கம்ப்யூட்டராம், எதிரே உட்கார்ந்திருக்கிற பொம்பளை முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளத் துப்பில்லை!

அடுத்த மாதம் அது நடந்தது. மாடி அறையில் இருந்த சேலத்துக்காரர் ஒருவர், கம்ப்யூட்டர் கம்பெனிக்கு இண்டர்வியூ என்று புது வெள்ளைச் சட்டையைக் கொடுத்துவிட்டுப் போனார். அன்று காலை பெட்டியைச் சட்டையின் முதுகில் வைத்தேன். வைத்தது நினைவிருக்கிறது. எடுத்தது நினைவில்லை. புகை மூக்கில் ஏறின பிறகுதான் விழித்தேன். முதுகில் பெட்டியின் உருவம் அச்சாகப் பதிந்திருந்தது. ஓர் அங்குலம் தள்ளி என் இடது கை இருந்தது.

சேலத்துக்காரர் வந்து பார்த்துவிட்டுக் கத்தின கத்தலில் தெரு கூடிவிட்டது. அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு குரங்குக் குல்லா வந்தது.

"தம்பி, அக்காவத் திட்டாதீங்க. அவங்க டீ குடிக்கப் போனாங்க. நான்தான் சும்மா தேச்சுப் பாத்தேன்."

"உங்களுக்கு எதுக்கு சார் இந்த வேலை?"

"தப்புதான். மேல கோட்டு போட்டுக்கங்க, முதுகு தெரியாது. கோட்டு நான் வாங்கித் தரேன், வாங்க."

எங்கிருந்தோ ஒரு கோட்டை இரவல் வாங்கிப் போட்டு அனுப்பியும் விட்டார். வேலையும் கிடைத்துவிட்டதாம். அது கிடக்கட்டும். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என்னைக் காப்பாற்றுகிறாராம்! என் பெட்டியை, முப்பது வருஷமாக என் வீட்டுக்காரரையே தொட விடாத பெட்டியை, கண்ட ஆள் எடுத்துத் தேய்க்கும்படி நான் விட்டுவிட்டுப் போவேனா? சட்டையைக் கருக்கியவள் என்று பேர் வாங்கினாலும் வாங்குவேன், பெட்டியைப் பிறத்தியாரிடம் கொடுத்தவள் என்று பேர் வாங்குவேனா?

நேரே கடைக்குள் போனேன். நாலு கேபினிலும் ஆட்கள் டொக்கு டொக்கு என்று தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"யாரக் கேட்டுய்யா என் தப்ப நீ எடுத்துக்கிட்ட?"

"யக்கா, மெதுவா..."

"என்ன மெதுவா? கேளுய்யா! மாத்திரைக்கு ஒரு பத்து வச்சிருக்கியே, அதக் கேளு!"

மூன்றாவது கேபினில் இருந்த ஆளை எழுப்பி அனுப்பிவிட்டு என்னை உட்கார வைத்தார். முதல் தடவையாக அவர் குரல் சன்னமாக வந்தது.

"டாக்டர் எழுதுனதுக்கு மேல சாப்பிடறீங்களா? விரல்ல..."

"எனக்கு எந்த டாக்டரும் எழுதவே இல்ல! செத்துப்போன மனுசனுக்கு எழுதுனத நான் முழுங்கறேன். தினமும்! போடு மூணு!"

"யக்கா, விரல்ல காட்டுங்க. ரகசியம்..."

"ரகசியமாம் ரகசியம்! அடுத்தது கேளு."

"அது இல்லாம தூங்க முடியுதா?"

"முடியல. போடு மூணு!"

"குறைக்கணும்னு பாத்தீங்களா?"

"பாத்தேன். ரெண்டு நாள் கண்ண முழிச்சிக்கிட்டுக் கெடந்தேன், மூணாம் நாள் திரும்பப் போட்டுக்கிட்டேன். அதுக்கு எத்தன மார்க்கு? போடு!"

பத்தும் முடிகிற வரைக்கும் கத்திக்கொண்டே இருந்தேன். முடிந்த பிறகுதான் கவனித்தேன், எந்தக் கேபினிலும் டொக்கு சத்தம் இல்லை. பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல் மட்டும் மெதுவாக வந்தது. "ஆன்ட்டி, எங்க அம்மாவுக்கும் இதேதான். எங்க போகணும்னு வந்திருக்குன்னு கொஞ்சம் சத்தமா படிக்கச் சொல்லுங்க." பத்துக்கேள்வி படித்தார். டாக்டரைப் பாருங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம் என்று வந்திருந்தது. படித்துவிட்டுப் பிளக்கைப் பிடுங்கினார். என் ஈரத்துணியை எடுத்து, தெருவுக்கே தெரிந்துபோன ரகசியத்தைக் கண்ணாடியிலிருந்து மூன்று தரம் துடைத்தார். பைத்தியக்கார மனிதர்.

மறுநாள் கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு, ஓசூர் ரோட்டுப் பக்கம் இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே சின்ன வயசு டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார். இவர் சும்மா இருப்பாரா? பெஞ்சிலிருந்து எழுந்து, "மேடம், நாலாவது கேள்விய விட்டுட்டீங்க" என்றார். டாக்டரம்மா, "நீங்க யாரு சார்?" என்றார். "நான் பத்துக் கேள்வியும் கேட்டவன் மேடம்" என்றார். அந்தம்மா சிரித்துக்கொண்டே அவரை வெளியே உட்கார வைத்துவிட்டு, அந்த நாலாவது கேள்வியைக் கேட்டார்கள். ஒரேயடியாக விட்டால் உடம்புக்கு ஆகாது, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும், வாரா வாரம் வர வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். அஞ்சு மாசம் போனேன். போன நாளெல்லாம் அவர் கடைக்குப் பூட்டுப் போட்டார். வேண்டாம் என்று எத்தனை தரம் வைதேன், கேட்டாரா?

கடைசித் தடவை, இனி மாத்திரை வேண்டாம் என்று சொல்லி அனுப்பின நாள், மார்க்கெட்டில் இறங்கி, எங்கள் உல்சூர் வழியாகப் போகிற கே.ஆர்.புரம் பஸ் ஏறினோம். எனக்கு முன்பக்கம் பெண்கள் சீட்டு கிடைத்தது, அவர் பின்பக்கம் நின்றார். ஜன்னல் காற்று முகத்தில் பட்டது. அவ்வளவுதான் தெரியும். கண் விழித்தால் பஸ் கே.ஆர்.புரத்தில் நிற்கிறது. எல்லோரும் இறங்கியாயிற்று. எனக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு இவர் மட்டும் நிற்கிறார். கண்டக்டர் என்னிடம் சண்டைக்கு வந்தார்.

"ஏனம்மா, இவரு உங்க தம்மனா, தம்பியா? உல்சூர், உல்சூர்னு நான் கூவறேன், ஓடி வந்து என் வாயப் பொத்தறாரு! விசில் ஊதக் கூடாதாம்! அக்கா தூங்கறாங்களாம்!"

வந்ததே எனக்குக் கோபம்! உல்சூரில் இறங்க வேண்டியவளை, ஒரு பஸ் முழுக்க ஜனங்கள் பார்க்க, வாயைத் திறந்துகொண்டு தூங்கவிட்டு, ஊர்க் கோடி வரைக்கும் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். எழுப்பத் தெரியாதா? கை இல்லையா? வாய் இல்லையா? திரும்பி வருகிற பஸ்ஸில் வழி நெடுக அவரை வைதுகொண்டே வந்தேன். குல்லாவைக் காதுக்கு மேல் தள்ளிவிட்டு, அத்தனையையும் சிரித்த முகமாகக் கேட்டுக்கொண்டு வந்தார்.

பிறகு பிரவுசிங் சென்டர் ஓடவில்லை. சந்தாபுராவில் தங்கை வீட்டோடு போய்விட்டார் என்றார்கள். போகிற அன்று நான் ரிச்சர்ட்ஸ் டவுனுக்குத் துணி கொடுக்கப் போயிருந்தேன், சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார். அதற்கு இன்னும் எனக்குக் கோபம் தீரவில்லை. எனக்கு இப்போது எழுபத்தைந்து ஆகிறது. படுத்தால் தூங்கிவிடுகிறேன். அன்று பஸ்ஸில் வைத மாதிரி, மனசு நிறைய வைவதற்குத்தான் ஆள் இல்லை.