ரொஹேலியோவின் நாற்காலிச் சபதம்

ரொஹேலியோ பெர்னாசா ஒரு சபதம் போட்டார்.

சபதம் போடுவது அவருக்குத் தும்மல் மாதிரி. மூக்கில் கோபம் ஏறினால் வந்துவிடும். பாதிரியாரோடு இனிப் பேச்சே கிடையாது என்றார், மறுவாரம் அவரோடு சீட்டாடினார். இனி மாட்டிறைச்சியைத் தொட மாட்டேன் என்றார், அது ஞாயிற்றுக்கிழமையைக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் இந்தத் தடவை தேசியக் கொடியின் மேல் ஆணையிட்டுவிட்டார். அதுதான் வினை.

கொடி என்றால் அவருக்கு உயிர். சான் எவாரிஸ்தோ ஊரின் தேசிய விழாக் குழுவுக்கு அவர்தான் தலைவர். விழாவில் கொடி உள்ளே வரும்போது சபை மொத்தமும் எழுந்து நிற்க வேண்டும். முதலில் எழுவது ரொஹேலியோ. எழுந்த கையோடு பின்னால் திரும்பிப் பார்ப்பார், யார் தாமதமாக எழுகிறார்கள் என்று. ஒரு வருஷம் முழங்காலில் ஆப்பரேஷன் ஆன மேயரின் மாமியாரையே விடவில்லை. "முழங்காலுக்கு வலிக்கும், தாய்நாட்டுக்கு வலிக்காதா?" என்று கேட்டார். மருந்துக்கடை ஸ்கார்பெத்தா, மடியில் குழந்தை தூங்குகிறதே என்று உட்கார்ந்திருந்தபோது மைக்கிலேயே பெயர் சொல்லி எழுப்பினார். குழந்தையும் எழுந்துவிட்டது. ஸ்கார்பெத்தா அதை மறக்கவில்லை.

சபதம் பிறந்தது ஒரு மார்ச் மாதத்து மதியம். இரும்புக்கடையைச் சாத்திவிட்டு, கடைக்குப் பின்னால் இருக்கும் வீட்டில் ஒரு தூக்கம் போட்டு எழுந்தார். எழுந்தால் குடிக்க மாத்தே தயாராக இருக்க வேண்டும். சுரைக்குடுக்கையில் இலை, அதில் செருகிய குழல், பக்கத்தில் கொதிக்காமல் கொதிக்கும் வெந்நீர். முப்பது வருஷத்து வழக்கம். அன்று குடுக்கை இருந்தது, குழல் இருந்தது, வெந்நீர் இல்லை. சமையலறை மேசையில் அவர் மனைவி நெலிதா, ஐம்பத்தெட்டு வயதுக்காரி, தவளையின் இதயத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். பெரியவர்களுக்கான மாலைப் பள்ளியில் அவளுக்கு அது இரண்டாம் வருஷம்.

"தண்ணி எங்க?"

"குழாயில."

"வெந்நீர் எங்கன்னு கேட்டேன்."

"அடுப்புல வச்சா அதுவும் கிடைக்கும், கிழவா."

அந்த ஊரில் கல்யாணமான மறுவருஷமே புருஷனும் பெண்டாட்டியும் கிழவா, கிழவி என்றுதான் கொஞ்சிக்கொள்வார்கள். அன்று ரொஹேலியோவுக்கு அது கொஞ்சலாகப் படவில்லை.

"தவளையைப் பத்திப் படிச்சு என்ன ஆகப் போவுது? நம்ம கடைக்கு எந்தத் தவளையாவது ஆணி வாங்க வருதா?"

"மூணு."

"என்ன மூணு?"

"தவளை இதயத்துல அறை. மனுஷனுக்கு நாலு. சில பேருக்கு ஒண்ணுகூட இருக்காது போல."

"இந்த வயசுல பரீட்சை எழுதி என்ன வேலைக்குப் போகப் போற, கிழவி? ஜனாதிபதி வேலைக்கா?"

"வேலைக்கு இல்ல. எனக்கு."

"எனக்குன்னா?"

"எனக்குன்னா எனக்கு. நீ வாராவாரம் தூண்டிலைத் தூக்கிட்டு ஆத்துக்குப் போறியே, அது எந்த வேலைக்கு? இது வரைக்கும் ஒரு மீன் வீட்டுக்கு வந்துதா?"

அந்த நேரம் பார்த்துத்தானா ஸ்கார்பெத்தா குழாய்க்கு வாஷர் கேட்டு உள்ளே வர வேண்டும்? வந்தார். வாசலிலேயே நின்றார். சண்டையைப் பார்த்ததும் வாஷர் அவசரமில்லை என்பதுபோல் சாய்ந்துகொண்டார்.

"எழுந்து தண்ணியை வை" என்றாள் நெலிதா.

"நான் எழுந்திருக்கணுமா? உன் படிப்புக்காக?"

நெலிதா கண்ணாடியைக் கழற்றினாள். அவளுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கும். அன்று மிகவும் இறங்கியது.

"பதினஞ்சு வயசுல எங்கப்பா என்னைப் பள்ளிக்கூடத்துலேர்ந்து நிறுத்தினாரு. அண்ணனுங்களுக்குச் சட்டை தேய்க்க வீட்ல ஆளில்லையாம். நான் தேய்ச்ச சட்டையைப் போட்டுக்கிட்டு அவனுங்க படிச்சானுங்க. அப்புறம் உன்னைக் கட்டிக்கிட்டேன். நீ உக்காந்த, நான் நின்னேன். உப்புன்னா எழுந்தேன், ரொட்டின்னா எழுந்தேன், உன் மூக்குக்கண்ணாடி உன் நெத்தியில இருக்கும்போதும் நான்தான் எழுந்து தேடினேன். ஒரே ஒரு தடவை எனக்காக நீ எழுந்திரு. வேற ஒண்ணும் கேக்கல."

புத்தியுள்ள எந்த ஆணும் எழுந்திருப்பான். ரொஹேலியோவின் கால்கூட லேசாக அசைந்தது. ஆனால் வாசலில் ஸ்கார்பெத்தா நிற்கிறாரே! மருந்துக்கடைக்காரன் முன்னால் பெண்டாட்டி சொல்லி எழுவதா? கோபம் மூக்கில் ஏறியது.

"கேட்டுக்க, ஸ்கார்பெத்தா! நீலமும் வெள்ளையுமான நம்ம கொடி மேல ஆணை! இவ படிப்புக்காக நான் ஒரு நாளும் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன்!"

"கேட்டுக்கிட்டேன், தோன் ரொஹேலியோ. ரொம்ப நல்லாவே கேட்டுக்கிட்டேன்."

'தோன்' என்று மரியாதைப் பட்டம் போட்டுச் சொல்லிவிட்டு, வாஷர் வாங்காமலே போனார். பொழுது சாய்வதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

நெலிதா கண்ணாடியை மாட்டிக்கொண்டு தவளையிடம் திரும்பிப் போனாள். அன்றிலிருந்து அவள் படித்த படிப்பு வேறு மாதிரி இருந்தது. சூப்பைக் கிளறிக்கொண்டே படித்தாள், கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டே சூத்திரம் சொன்னாள். ரொஹேலியோவுக்கு எரிச்சல் மேல் எரிச்சல். மே இருபத்தைந்தாம் தேதி அந்த எரிச்சல் வெடித்தது.

அன்று தேசம் பிறந்த நாள். வருஷா வருஷம் அவர் செய்யும் அதே சொற்பொழிவை அந்த வருஷமும் செய்தார். "அன்று மழை! சதுக்கம் முழுக்க மக்கள்! மக்கள் தலைக்கு மேல் குடைகள்! குடைகளின் கடல்!" என்று கையை விரித்தபோது கண்ணில் நீர்கூட வந்தது. வீட்டுக்கு வந்து தட்டின் முன் உட்கார்ந்தார். நெலிதா ரொட்டியை வைத்தபடியே சொன்னாள்.

"அன்னைக்கு அவ்வளவு குடை இருந்திருக்காதாம்."

"என்னது?"

"அந்தக் காலத்துல குடை பணக்காரங்க சாமான். எல்லார்கிட்டயும் இருந்திருக்காதுன்னு சரித்திர டீச்சரம்மா சொன்னாங்க."

"அப்ப ஜனங்க?"

"நனைஞ்சிருப்பாங்க."

"என் தாய்நாட்டு ஜனங்களை நனைய விடுறியா!" என்று ரொஹேலியோ மேசையைக் குத்தினார். சூப் துள்ளியது. கடையில் விற்காமல் கிடந்த குடைகளைக்கூட அன்று யாரோ பிடுங்கிக்கொண்டு போனதுபோல இருந்தது அவருக்கு.

அந்தச் சரித்திரத்தை எப்படியாவது நிறுத்த வேண்டும் என்று முடிவு செய்தார். டிசம்பரில் வாய்ப்பு வந்தது. சரித்திரத்துக்கு வாய்மொழித் தேர்வு, சனிக்கிழமை காலை. மூன்று ஆசிரியர்கள் முன்னால் நின்று பதில் சொல்ல வேண்டும். போகாவிட்டால் வருஷம் போச்சு. ரொஹேலியோ உடனே அதே சனிக்கிழமைக்கு அசாதோ விருந்து வைத்தார். தம்பி அன்செல்மோ குடும்பம், மீன்பிடிக்கும் கூட்டாளிகள், அவரவர் மனைவிமார் எல்லாருக்கும் அழைப்பு.

அசாதோ என்றால் ஆண்பிள்ளை சமையல். ஆண்பிள்ளை நெருப்பு மூட்டுவார், இறைச்சியைக் கம்பியில் போடுவார், ஒயின் குடிப்பார், திருப்பிப் போடுவார். கடைசியில் எல்லோரும் சுட்டவருக்குக் கைதட்டுவார்கள். கிழங்கு, சாலட், ரொட்டி, தட்டு, மேசை, இனிப்பு, கழுவல் எல்லாம் பெண்கள். அவர்களுக்குக் கைதட்டு கிடையாது. இத்தனை பேர் வந்தால் நெலிதா எப்படி வீட்டை விட்டு நகருவாள்?

"வரட்டும். வந்தா நல்லதுதான்" என்றாள் நெலிதா.

சனிக்கிழமை காலை. ரொஹேலியோ கொல்லைப்புறத்தில் கரியை ஊதிக்கொண்டிருந்தார். முன்பக்கம் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. சிரிப்புச் சத்தமும் கேட்டது. கண்ணைக் கசக்கிக்கொண்டு உள்ளே வந்தால், வீட்டில் ஒரு பெண்பிள்ளை இல்லை.

"டேய் அன்செல்மோ, எங்கடா எல்லாரும்?"

"தேர்வு பாக்கப் போயிட்டாங்க. கதவைத் திறந்து வச்சுத்தான் கேள்வி கேப்பாங்களாமே, யார் வேணா உக்காந்து பாக்கலாமாம். எம் பொண்டாட்டி தெலியாதான் வண்டி ஓட்டுறா."

"சாலட்?"

"தோட்டத்துல கீரை நிக்குதுன்னு சொல்லிட்டுப் போனா."

ரொஹேலியோவின் கோபத்தில் கரி தானே பற்றிக்கொண்டது. உப்பு எங்கே இருக்கிறது என்று எட்டு ஆண்களும் தேடினார்கள். கிடைத்தது சலவைச் சோடா. நல்லவேளை, அன்செல்மோ முதலில் நக்கிப் பார்த்தான். ரொட்டி வாங்க யாருக்கும் தோன்றவில்லை. உப்பில்லாத இறைச்சியைக் கத்தி முனையில் குத்தி நின்றுகொண்டே தின்றார்கள். ஒருவன்கூடக் கைதட்டவில்லை.

பெண்கள் வந்தபோது தெலியாவுக்குச் சிரித்துச் சிரித்து இடுப்பு வலி.

"மச்சான், பத்துக்குப் பத்து! குடையைப் பத்திக் கேட்டாங்க. 'ஒரு தப்பு எப்படி ஊரெல்லாம் பரவுது, உதாரணம் சொல்லு'ன்னாங்க. நெலிதா உன் சொற்பொழிவை அப்படியே, கையை விரிச்சு, கண்ணுல தண்ணியோட சொல்லிக் காட்டினா. ஆசிரியர் மூணு பேரும் மேசை மேல விழுந்துட்டாங்க!"

அன்று ரொஹேலியோ படுக்கப் போகும்போதுதான் வாயைத் திறந்தார்.

"வருஷ முடிவு விழா என்னைக்கு?"

"வெள்ளிக்கிழமை சாயங்காலம். வரியா?"

"வருவேன். எல்லாரும் எழுந்து கைதட்டுவாங்கல்ல? நான் உக்காந்திருப்பேன். அசையாம உக்காந்திருப்பேன். ஊரே பாக்கட்டும் என் சபதத்தை!"

"சரி கிழவா. முன்வரிசையிலயே நாற்காலி போடச் சொல்றேன். பின்னால உக்காந்தா எப்படித் தெரியும்?"

அந்தப் பதிலிலாவது அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கோபக்காரனுக்குக் காது கேட்கும், சேதி ஏறாது.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்து முற்றம் நிறைந்திருந்தது. முன்வரிசை நடுவில், கையைக் கட்டிக்கொண்டு ரொஹேலியோ. பின்வரிசையில் ஸ்கார்பெத்தா, குடும்பத்தோடு. சான்றிதழ் கொடுத்தார்கள், நெலிதாவின் பெயருக்கு எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். ரொஹேலியோ உட்கார்ந்தே இருந்தார். ஊர் பார்த்தது. அவருக்கு உள்ளுக்குள் வெற்றி முரசு கொட்டியது. கடைசியாகத் தலைமை ஆசிரியை மைக்கைப் பிடித்தாள்.

"இப்போது நம் தேசியக் கொடி புதிய கைக்கு மாறும் நேரம். அனைவரும் எழுந்து..."

வாக்கியம் முடியவில்லை. ரொஹேலியோ எழுந்துவிட்டார். எப்போதும்போல முதல் ஆளாக, குதிகால் தட்டி, நெஞ்சை நிமிர்த்தி. எழுந்த கையோடு பின்னால் திரும்பினார்.

"ஸ்கார்பெத்தா! கொடி வருது, எழுந்திரும்!"

ஸ்கார்பெத்தா மெல்ல, ரொம்ப மெல்ல, சிரித்துக்கொண்டே எழுந்தார்.

"நான் எழுந்துட்டேன், தோன் ரொஹேலியோ. நீங்க மட்டும் உக்காந்துடாதீங்க."

மைக் சொன்னது: "இரண்டாம் வருஷத்தில் அதிக மதிப்பெண் பெற்று, வரும் ஆண்டு முழுவதும் நம் பள்ளியின் கொடியை ஏந்தப்போகிறவர், திருமதி நெலிதா!"

ரொஹேலியோவின் முழங்கால் மடங்கப் பார்த்தது. மேயரின் மாமியார் கைத்தடியை ஊன்றி நின்றபடி அவர் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். உட்கார்ந்தால் தாய்நாட்டுத் துரோகி. நின்றால் சபதம் போச்சு. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். கொடி ஏந்துபவருக்கான நீலமும் வெள்ளையுமான பட்டை மார்பின் குறுக்கே பளபளக்க, கொடியைத் தோளில் ஏந்தி, நெலிதா அவர் மூக்குக்கு நேராக நடந்து போனாள். அவள் கண் ஈரமாக இருந்தது. அவர் பக்கம் திரும்பவே இல்லை. அதுதான் அவருக்கு அதிகம் வலித்தது.

வீட்டுக்கு வந்ததும் சமையலறை நாற்காலியில் தொப்பென்று விழுந்தார். நெலிதா உள்ளே இருந்து பேசினாள்.

"ஆறு எடுத்தாலே பாஸ். ஆறு போதும்னுதான் நானும் இருந்தேன், கிழவா. அன்னைக்கு நீ கொடி மேல ஆணை வைக்கலைன்னா ஆறோட நின்னிருப்பேன்."

"ஏதோ ஒரு நாள். முடிஞ்சு போச்சு" என்று உறுமினார்.

"எங்க முடிஞ்சுது? மே இருபத்தஞ்சு, ஜூன் இருபது, ஜூலை ஒம்போதுன்னு எல்லா தேசிய விழாவுக்கும் கொடி என் கையிலதான். 'எல்லாரும் எழுந்திருங்க'ன்னு மைக்குல சொல்றது விழாக்குழுத் தலைவர் வேலை."

சொல்லிக்கொண்டே வெளியே வந்தாள். தோளில் அந்தப் பட்டை இன்னும் இருந்தது.

"கசங்கிப் போச்சு, தேய்ச்சுக் கொண்டாரச் சொன்னாங்க. வாழ்க்கையில இந்த ஒரு துணியை மட்டும் நான் ஆசையா தேய்ப்பேன்."

நீலத்தையும் வெள்ளையையும் கண்டதும் ரொஹேலியோவின் உடம்பு அவரைக் கேட்கவில்லை. எழுந்து நின்றது.

நெலிதா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எழுந்ததுதான் எழுந்துட்ட, கிழவா. அப்படியே அந்தத் தண்ணியை அடுப்புல வை."