மக்களுக்குத் தெரிந்தாக வேண்டும்

பொது விசாரணை நடக்கும் எந்த மண்டபத்திலும் முன்வரிசையில் ஓர் உயிரினம் உட்கார்ந்திருக்கும். வெளிப்படைவாதி என்று பெயர். மின்கட்டணமா, குடிநீரா, மருந்துக்கடையா, விசாரணை எதைப் பற்றி என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே அல்ல. தொண்டையைச் செருமி, மைக்கை இரண்டு தட்டுத் தட்டி, "மக்களுக்குத் தெரிஞ்சாகணும்!" என்று அவர் ஆரம்பித்தாரானால், குறிப்பெடுப்பவர் பேனாவை மூடிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். இவ்வளவு நுணுக்கமாக எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அது அடியேன்தான்.

வாசலில் வருகைப் பதிவுக்கு ஃபோன் நம்பர் கேட்டால் மட்டும் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். "அது என் சொந்த விஷயம். உங்களுக்கு எதுக்குங்க?"

போன வாரம், தனியார் மருத்துவமனைகளைக் கண்காணிக்கும் ஆணையத்தின் விசாரணை. தவறான சிகிச்சையால் அவதிப்பட்ட ஒரு பெண் சாட்சி சொல்ல வந்திருந்தார். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"பேரும் வியாதியும் வெளியே வர வேண்டாங்க. ஆபீஸ்ல தெரிஞ்சா வேலை போயிடும்."

"நடந்ததை மட்டும் சொல்லுங்கம்மா, போதும்" என்றார் தலைவர்.

நான் விடுவேனா?

"ஒளிஞ்சுக்கிட்டுச் சொல்ற சாட்சியை எப்படி நம்புறது? பேரைச் சொல்லட்டும், ரிப்போர்ட்டைக் காட்டட்டும்!"

பக்கத்திலிருந்த என் மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள். "இப்ப உக்காரலேன்னா, உங்க மூல வியாதியைப் பத்தி நான் மைக்ல சொல்லுவேன்."

உட்கார்ந்துவிட்டேன். ஆனால் மண்டபம் உட்காரவில்லை. பின்னாலிருந்து "பேரு! பேரு!" என்று ஒரே கூச்சல். எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டியவர் மருத்துவமனையின் வக்கீல். அந்தப் பெண் கைப்பையை எடுத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போய்விட்டார். வேறு சாட்சி இல்லை, புகார் தள்ளுபடி. வக்கீல் தேடி வந்து என் கையைக் குலுக்கினார். "உங்களை மாதிரி ஆளுங்கதான் சார் வேணும்!" வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் பாராட்டு பாராட்டுதானே? "நன்றி" என்று சொல்லித் தொலைத்தேன்.

என்னைத் தாராளமாகத் திட்டுங்கள். ஆனால் மனசைத் தொட்டுச் சொல்லுங்கள்: அந்தப் பெண்ணுக்கு அப்படி என்னதான் வியாதி என்று, இதைப் படிக்கையில் ஒரு தடவையாவது உங்களுக்குத் தோன்றியதா, இல்லையா?

தோன்றியதா? அப்படியானால் வாருங்கள், அடுத்த விசாரணைக்குச் சேர்ந்தே போகலாம். என் மனைவி இனி வரமாட்டாளாம்.