சுவிஸை மறித்த சிவபாதம்

"அண்ணை, அதே ஆள் திரும்பவும் வந்திருக்கு. அதே படம்தான்," என்றாள் பிரியவதனி, கொம்பியூட்டரை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

சிவபாதத்துக்குப் பத்திக்கொண்டு வந்தது. சரவணைச் சந்தியில் தொலைபேசிக் கடை வைத்திருக்கிற மனுசன். ஊருக்கென்று ஓர் இணையத்தளமும் நடத்துகிறார். தேர்த்திருவிழாப் படங்களை ஏற்றிய நாளிலிருந்து வெளிநாட்டில் எவனோ ஒரு படத்தையே திறந்து திறந்து பார்க்கிறான். அதில் விளக்கோடு நிற்பது அவருடைய தங்கச்சி, இதே பிரியவதனி. தாய் தகப்பன் இல்லாத பிள்ளை. அவளை வெளிநாட்டில் நல்ல இடமாகப் பார்த்துக் கொடுத்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு கவலை கிடையாது.

படத்தை எடுத்துவிடலாம்தான். ஆனால் நடுவில் நிற்பவர் கோயில் தலைவர் ஆழ்வாப்பிள்ளை. அவரை அகற்றிவிட்டு ஊரில் இருக்க ஏலுமோ?

தளத்துக்கு வருகிற ஒவ்வொரு கொம்பியூட்டருக்கும் ஓர் ஐ.பி. இலக்கம் உண்டு. அவள் அந்த ஆளின் சுவிஸ் இலக்கத்தைச் சொன்னாள், அவர் அது தளத்துக்குள் வராதபடி மறித்தார். அடுத்த நாள் அதே படத்துக்கு வேறொரு சுவிஸ் இலக்கம். அதையும் மறித்தார். பிறகு லண்டனிலிருந்து ஒன்று, ரொறொன்ரோவிலிருந்து ஒன்று. கூட்டமாகத் திரிகிறான்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சுவிஸ் முழுவதையும் ஒரேயடியாக மறித்தார். சுவிஸ் ஊர்ச்சங்கம் போன் எடுத்து ஏசியது. வந்த கோபத்தில் லண்டனையும் கனடாவையும் சேர்த்தே மறித்தார். இப்போது ஊர்த்தளத்தை ஊரிலிருந்து மட்டும்தான் பார்க்கலாம். ஊரில் கொம்பியூட்டர் இருந்தது அவருடைய கடையில் மட்டும்.

இனி ஒருத்தனும் வரமாட்டான் என்று நிம்மதியாகத் தேத்தண்ணி குடித்தார்.

வந்தது கலியாணத் தரகர் தம்பு. கதிரையில்கூட இருக்கவில்லை.

"தம்பி, நீர் என்ன வேலை பாத்தனீர்? முந்தியெண்டா மாப்பிள்ளை பகுதி சொல்லாமல் கோயிலுக்கு வந்து பொம்பிளையைப் பாத்திட்டுப் போகும். சுவிஸில இருக்கிறவை எப்பிடி வாறது? உம்மட திருவிழாப் படத்தைத்தான் பாக்கச் சொன்னனான். தாய் பாத்தவ, லண்டன் பெரியம்மா பாத்தவ, கனடாத் தமக்கை பாத்தவ. எல்லாருக்கும் பிடிச்சுப்போச்சு. இப்ப, பாக்க வந்த ஆக்களைக் கலைக்கிற வீட்டில சம்பந்தம் வேண்டாமாம்."

தம்பு போய்விட்டார். சிவபாதம் தலையில் கைவைத்தபடி இருந்தார். பாவம், உண்மையாகவே கண் கலங்கிவிட்டது. ஆரெண்டு தெரியாமல் உன்ர வாழ்க்கையைக் கெடுத்துப்போட்டன் பிள்ளை என்று தங்கச்சியிடம் சொன்னார்.

"ஆரெண்டு எனக்குத் தெரியும் அண்ணை," என்றாள் பிரியவதனி. "தம்பு அண்ணை சுவிஸுக்கு அனுப்பின மெயிலை அடிச்சுக் குடுத்ததே நான்தான். வெளிநாடு வேண்டாம் எண்டு உங்களுக்கு வாயால சொல்லிப் பாத்தன், கேக்கேல்லை. அதுதான் இலக்கமாச் சொன்னனான்."