மடு மண் என்று மாமி நினைத்த போத்தல்

நாரந்தனை,
ஞாயிறு, பூசைக்குப் பிறகு.

அன்புள்ள மேரிசுகந்தி மச்சாளுக்கு,

காரைநகரில் நீங்களும் சில்வெஸ்ரர் அண்ணையும் பிள்ளைகளும் சுகமாயிருக்க மாதாவைக் கேட்டுக்கொள்கிறேன். இங்கும் சுகம்தான். ஆனால் மாமி என்னோடு கதைத்து ஐந்து நாளாகிறது. வருகிற சனிக்கிழமை மகள் உங்களிடமே வந்துவிடுவாராம், உடுப்பும் அடுக்கியாயிற்று. போனில் சொன்னால் பக்கத்தில் நின்று கேட்பார் என்றுதான் எழுதுகிறேன்.

பிழை என்னுடையதுதான். நான் படிப்பிக்கிற உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்டவென்று சுருவில் கடற்கரைச் சேற்றை அள்ளி, முட்டை மஞ்சட்கருவும் பேப்பர்த் துண்டும் சேர்த்துப் போத்தலில் இறுக்க மூடி யன்னலில் வைத்திருந்தேன். உலகின் முதல் நுண்ணுயிர்களுக்கு மூச்சுக்கு ஒட்சிசன் தேவைப்படவில்லை. பிறகு வந்த சில, வெயிலில் தங்கள் சாப்பாட்டைச் செய்துவிட்டு ஒட்சிசனைக் கழிவாக வெளியே விட, மற்றவற்றுக்கு அது நஞ்சாயிற்று. பல செத்தன, சில சேற்றுக்குள் ஒளித்தன, சில அந்த நஞ்சையே மூச்சாக்கிப் பழகி முன்னரைவிடப் பலமாயின, நாங்கள் அந்தப் பழகியவற்றின் வழி வந்தவர்கள் என்று விளக்கத்தான். மாமியோ அந்தப் போத்தலை நீங்கள் அனுப்பிய, விசக்கடிக்குப் பூசுகிற மடுமாதா கோயில் மண் என்று எண்ணி, மாதா சுரூபத்துக்கு முன்னால் வைத்து மெழுகுதிரி கொளுத்தியிருக்கிறார். செவ்வாய்க்கிழமை செபமாலைக்கு வந்த மதலேனா அக்காவின் காலில் பூரான் கடித்திருந்தது. "ஒரு கிள்ளுப் பூசினால் விசம் இறங்கும்" என்று மாமி எல்லோருக்கும் முன்னால் மூடியைத் திறந்தாராம். கூழ்முட்டை நாற்றம். "திரேசக்கா, உது மடு மண்ணே?" என்று கேட்டபடி, நொண்டி வந்த மதலேனா அக்கா நொண்டாமலே ஓடினாராம்.

பள்ளிக்கூடத்தால் வந்த நான், "காத்தில்லாமல் சீவிக்கிறதுகளின்ர மூச்சு மாமி அது" என்றேன்.

"அதுகள் விட்ட மூச்சில எங்களுக்கெல்லோ மூச்சு நிண்டது. ஊருக்கு முன்னால வெக்கப்படுத்திப்போட்டாய்" என்றார். அதுதான் கடைசிக் கதை.

மச்சாள், இருபது வருடத்துக்கு முன் சைவப் பெட்டை ஒருத்தி இந்த வீட்டுக்கு மருமகளாய் வந்தபோது, மாமிக்கு நான்தான் அந்த நஞ்சு ஒட்சிசன். நான் சமைக்கக் குசினிக்குள் போனால் அவர் முற்றத்துக்குப் போவார். எப்போது பழகினோம் என்று தெரியாது. இப்போது "என்ன கறி மாமி" என்று கேட்க ஏலாமல் நெஞ்சு அடைக்கிறது. உங்கள் தம்பி ஜெகதீஸ் எங்கள் மௌனத்துக்குப் பயந்து வேளைக்கே கடலுக்குப் போகிறார். தயவுசெய்து, வீட்டுக்கு வெள்ளை அடிக்கிறோம், இடமில்லை என்று மாமிக்குச் சொல்லிவிடுங்கள். அந்தப் பொய்யை நான் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்கிறேன்.

மாதா எல்லோரையும் காக்கட்டும். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

உங்கள்
சிவகௌரி

பி.கு: வெள்ளை அடிக்க வேண்டாம். கடிதத்தை ஒட்டப் பசை எடுக்கப் போனால், குசினிக்குள் மாமி போத்தலைத் திறந்து வைத்து விசிறிக்கொண்டு நிற்கிறார். "நாளுக்கு மூண்டு தரம் திறந்து விடுறனான். நீ இறுக்கிப் பூட்டிப்போட்டுப் படிப்பிக்கப் போறாய், பாவங்கள், அதுகளுக்கு மூச்சு முட்டாதே? நான் காரைநகர் போனால் ஆர் பாக்கிறது?" என்றார். உடுப்பெல்லாம் அலுமாரிக்குள் திரும்பிவிட்டது. காற்றுத்தான் அதுகளுக்கு நஞ்சு என்று நான் சொல்லவில்லை. நீங்களும் சொல்லாதையுங்கோ.