இறங்கும் பாடம்

வேலணைக்கு மேலே ஆயிரம் அடியில் பரமலிங்கத்துக்குப் பசி வந்துவிட்டது. கீழே, தன் வீட்டு முற்றத்தில், மனைவி கமலாதேவி வாழையிலை விரித்துக் கணவாய்க் கறி வைப்பது துல்லியமாகத் தெரிந்தது. வாசனைகூட வந்தது. ஆயிரம் அடிக்கு வாசனை எப்படி வரும் என்று வேறு யாராவது யோசித்திருப்பார்கள். பரமலிங்கம் யோசிக்கிற ஆளா?

சின்ன விமானம் ஓட்டப் பழகப் போகவேண்டாம் என்று அவள் கத்தியதும், "உனக்கென்னடி தெரியும்?" என்று இவன் படலையை அடித்துச் சாத்தியதும்தான் கடைசிப் பேச்சு. இன்றைக்கு எப்படியாவது இறங்கி, "பிழை என்னிலைதான்" என்று சொல்லிவிட வேண்டும்.

ஆனால் இலையை ஏன் வெளியில் போட்டிருக்கிறாள்?

"கோவம் இன்னும் ஆறேல்லைப் போலை. வீட்டுக்குள்ளை எடுக்கமாட்டாள்."

பக்கத்து இருக்கையில் ஓட்டப் பழக்கும் பாலசிங்கம் மாஸ்ரர் இல்லை. எஞ்சின் சத்தமும் இல்லை. மாஸ்ரரின் குரல் மட்டும் காதுக்குள் கேட்டது.

"ஏறேக்கை விசையைக் கூட்டி மூக்கைத் தூக்கும். இறங்கேக்கை முதல் விசையைக் குறையும், பிறகு மூக்கைப் பதியும். விளங்குதோ?"

"ஓம் மாஸ்ரர்."

விளங்கியதாவது! விசையைக் குறைக்காமலே மூக்கைப் பதித்தான். விமானம் பாய்ந்தது. முருங்கையில் மோதப் பார்த்து, ஓட்டும் தடியை இழுத்துக்கொண்டு மேலே ஓடினான்.

இரண்டாம் முறை விசையைக் குறைத்தான். பயத்தில் மூக்கைத் தூக்கிப் பிடித்தான். வேகம் செத்து, விமானம் நடுங்கித் தொப்பென்று சரிந்தது.

"மூக்கை விடும்! இதைத்தானே அண்டைக்கும் செய்தனீர்!"

என்றைக்கு? நினைவு வரவில்லை. சித்திரை வெயிலில் விமானத்தின் நிழல் முற்றத்தில் விழுந்திருந்தது. கைலேஞ்சித் துணி அளவுதான் இருந்தது.

"உயரம் கூடவாக்கும்" என்று தன்னையே தேற்றிக்கொண்டான்.

"வாங்கோப்பா," கமலாதேவி அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டாள். குரல் உடைந்தது. "நான் கத்தினதை மனசிலை வைச்சிருக்காதேங்கோ. ஒரு வாய் சாப்பிட்டுப் போங்கோ."

கும்பிடுகிறாளா? கமலாவா? அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"இந்தா வாறன், கமலா!" அந்தக் குரல் அவன் காதுக்கே கரகரவென்று கேட்டது.

மூன்றாம் முறை எல்லாம் சரியாக நடந்தது. விசை குறைந்தது, மூக்கு பதிந்தது, வேகமும் சொன்னபடி நின்றது. கிணறு வந்தது, குசினிக் கூரை வந்தது, கறியின் சிவப்பும் தெரிந்தது. இன்னும் பத்தடிதான். அப்போது நிலம் முகத்துக்கு நேரே எழும்பி வந்தது. ஐயோ என்று தடியை இழுத்துவிட்டான். பழையபடி ஆயிரம் அடி.

கமலாதேவி அழத் தொடங்கினாள். குசினி வாசலில் நின்ற அவள் தங்கை மனோகரி, கையைப் புருவத்தில் வைத்து வானத்தைப் பார்த்தாள்.

"அத்தான்ரை எட்டாம் நாள் செலவுக்குப் படைச்சு ஒரு மணித்தியாலமாச்சு, அந்தக் காகம் சும்மா சுத்திக்கொண்டே நிக்குது. அழாதையக்கா, உயிரோடை இருக்கேக்கையும் அத்தானுக்கு இறங்கத்தானே தெரியாது!"