செப்டம்பர் மூணு என்ன விசேஷம்?

பட்டியலின் இருபத்தேழாவது வரியில் ஒரு மரபணு இருந்திருக்க வேண்டும். அங்கே ஒரு தேதி உட்கார்ந்திருந்தது.

பட்டியலைத் தயாரித்தவளை ஆய்வகத்தில் பூ டாக்டர் என்பார்கள். செடிகளைப் பூக்க வைக்கும் மரபணுக்களைத் தேடிப்பிடித்துத் தரவுத்தளத்தில் சேர்ப்பது அவள் வேலை. பூவிதழ் உருவாக உதவும் மரபணு ஒன்றுக்குச் 'செப்-3' என்று பெயர். அதைத் தட்டச்சு செய்ததும் கம்ப்யூட்டர் தன் மேதாவித்தனத்தைக் காட்டி, 'செப்டம்பர் 3' என்று மாற்றிவிட்டது. அவள் கவனிப்பதற்குள் பட்டியல் தரவுத்தளத்தில் ஏறிவிட்டது. மூன்று வருட உழைப்பு. ஊர் உலகமெல்லாம் எடுத்துப் பார்க்கும்.

பதறிப்போய்த் தரவுத்தளப் பொறுப்பாளருக்கு மின்னஞ்சல் தட்டினாள்: 'பூ பட்டியல், செப்டம்பர் 3. ரொம்ப அவசரம்.'

தேதியைப் பார்த்ததும் கம்ப்யூட்டருக்கு மறுபடியும் உற்சாகம். அலுவலக நாள்காட்டியில் 'பூ' என்று ஒரு நிகழ்ச்சியைப் போட்டு, நூற்று எண்பது பேருக்கும் அழைப்பு அனுப்பிவிட்டது.

பொறுப்பாளர் போன் செய்தார். "அழைப்பு வந்துச்சும்மா. கண்டிப்பா வந்துடறேன்."

"எங்க சார் வர்றீங்க? அது தேதியே இல்ல. பூ சார், பூ!"

"பூ தானே? வாங்கிட்டு வந்துடறேன்."

வைத்துவிட்டார்.

இனி யாரையும் நம்பிப் பயனில்லை என்று அவளே எல்லோருக்கும் ஒரு திருத்தம் அனுப்பினாள்: 'செப்டம்பர் 3 நிகழ்ச்சி அல்ல. அது இதழ்.'

பத்தே நிமிடத்தில் நூலகர் மூச்சு வாங்க வந்து நின்றார். கையில் தடியாக ஒரு நோட்டு.

"பத்திரிகை ஆரம்பிக்கிறீங்களாமே! சொல்லவே இல்ல பாத்தீங்களா? நம்ம கவிதை ஒரு நாப்பது இருக்கு."

பூ டாக்டர் நேராக இயக்குநர் அறைக்கு ஓடினாள்.

"சார், செப்டம்பர் மூணு வேணாம் சார்."

"ஏம்மா, நாலாம் தேதி வச்சுக்கலாமா?"

"இல்ல சார், மூணு இருக்கட்டும். செப்டம்பர்தான் வேணாம்."

"அக்டோபர்ல நான் ஊர்லயே இல்லயேம்மா." இயக்குநர் டைரியைப் புரட்டினார். "பேசாம செப்டம்பரே இருக்கட்டும். தலைமை நான்தானே?"

அன்று மாலை பொறுப்பாளரின் நாற்காலிக்குப் பின்னால் நின்று, தரவுத்தளத்தில் இருந்த பிழையைத் திருத்த வைத்தாள். உலகத்துக்குச் செப்-3 திரும்பக் கிடைத்துவிட்டது. ஆய்வகத்தைத்தான் திருத்த முடியவில்லை.

அந்த நாளும் வந்தது. கூடம் நிறையப் பூ. மேஜை மேல் இரண்டடுக்குக் கேக். இயக்குநர் கோட்டு போட்டிருந்தார். நூலகர் மூன்று கவிதைகளை முடித்து நான்காவதைப் பிரித்தபோது, பூ டாக்டர் மைக்கைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். உண்மையைச் சொல்லிவிடுவது, அப்புறம் நடப்பது நடக்கட்டும்.

"எல்லாரும் மன்னிக்கணும். இன்னிக்கு..."

அவள் முடிப்பதற்குள், கடைசி வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து கேக்கை நோக்கி வந்துகொண்டிருந்தார். பசுமைக்குடிலில் செடிகளுக்குத் தண்ணீர் விடுபவர். ஐம்பது வயதிருக்கும், இத்தனை வருடத்தில் அவர் பேசி யாரும் கேட்டதில்லை. அவர் கண் கலங்கியிருந்தது.

"ஸ்கூல்ல சேக்கறப்போ வாத்தியார் இஷ்டத்துக்கு எழுதின தேதிதானே மேடம் ஆபீஸ் ரெக்கார்டு பூரா இருக்கு? என் நிஜப் பொறந்தநாள் இன்னிக்குத்தான்னு எந்தக் கம்ப்யூட்டர்ல கண்டுபிடிச்சீங்க?"